அமுதாவின் நோட்டில் நான் போட்ட டிக்

சிவப்பு மை விரலில் பட்டால் லேசில் போகாது. தேங்காய் எண்ணெய் தடவி, சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் ஒரு கோடு மிச்சம் இருக்கும்; அந்தக் கையோடு ரசஞ்சாதம் பிசைய உட்கார்ந்தால் அம்மா தட்டையே இழுத்துக்கொள்வாள். ஆனாலும் மன்னார்குடியில் நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த வருஷம், திங்கட்கிழமைதோறும் அந்தக் கறையோடு வீட்டுக்குப் போவதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. அது பெஞ்சுக்கு ஒருத்திக்கு மட்டுமே கிடைக்கும் கறை.

எங்கள் இங்கிலீஷ் டீச்சரின் ஏற்பாடு அப்படி. திங்கட்கிழமை முதல் பீரியடில் இருபது வார்த்தை ‘டிக்டேஷன்’ சொல்வார். ஒவ்வொரு பெஞ்சிலும் நன்றாக எழுதுகிற ஒருத்தியிடம் சிவப்புப் பேனா. அவள்தான் மற்றவர்கள் நோட்டைத் திருத்த வேண்டும், கீழே தன் கையெழுத்தையும் போட வேண்டும். பிறகு டீச்சர் அடுக்கிலிருந்து இரண்டு நோட்டை உருவிப் பார்ப்பார். தப்புக்கு ‘டிக்’ விழுந்திருந்தால் எழுதியவளுக்கு ஒன்றும் இல்லை, திருத்தியவளுக்குத்தான் தண்டனை: விட்ட வார்த்தையை நூறு தடவை ‘இம்போசிஷன்’ எழுதி, பேனாவையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். “பாவம் பார்த்து அள்ளிக் குடுக்க இது சுண்டல் இல்லடி” என்பார்.

என் பெஞ்சில் அந்த ஜூனில் வந்து உட்கார்ந்தவள் அமுதா. வாய்க்காலின் கடைசி மடையில் இருக்கிற ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். கணக்கில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள், இங்கிலீஷ்தான் அவளுக்குப் பெரும்பாடு. ‘ரிசீவ்’ எழுதினால் ஈயும் ஐயும் இடம் மாறிவிடும், ‘செபரேட்’ நடுவில் ஏ வரவேண்டிய இடத்தில் ஈ வந்து குந்தியிருக்கும், ‘குவயட்’ கேட்டால் ‘குவைட்’ எழுதுவாள். முதல் டிக்டேஷனில் இருபதுக்கு ஆறு. அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் என்னிடம் சொன்னாள்: அவள் அக்கா எட்டாவதோடு நின்று நடவுக்குப் போகிறாளாம், அரையாண்டுப் பரீட்சையில் ஒரு பாடம் போனாலும் இவளும் நின்றுகொள்ள வேண்டியதுதான் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அழாமல், அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவள் நோட்டில் ஒன்பது தப்பு. ஐந்துக்கு டிக் போட்டேன். கீழே கையெழுத்துப் போடும்போது என் பெயரே கோணலாக விழுந்தது. டீச்சர் அடுக்கில் விரலை ஓட்டியபோது அமுதா நோட்டு மேலிருந்து எத்தனையாவது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். வேறு இரண்டு நோட்டை எடுத்தார், நான் பிழைத்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் இதே கூத்து. அமுதா பதினாறு வாங்கினாள், பதினேழு வாங்கினாள். ஒரு தடவை டீச்சரின் விரல் அவள் நோட்டில் வந்து நின்றது. எடுத்தார், அட்டையைப் பார்த்தார், “இவதான் இப்ப நல்லா எழுதுறாளே” என்று திறக்காமலே வைத்துவிட்டார். என் டிக்குகள் சம்பாதித்துக் கொடுத்த நம்பிக்கையே என்னைக் காப்பாற்றியது. எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று அன்று நினைத்துக்கொண்டதை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

ஏனென்றால் அமுதாவுக்கு இது எதுவும் தெரியாது. “எனக்கு இங்கிலீஷ் வந்துடுச்சுடி” என்று ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

அரையாண்டுக்கு அவள் பாடப்புத்தகத்தைத் தொடவில்லை. டிக்டேஷன் வார்த்தைகள்தான் பரீட்சையில் வரும் என்று டீச்சர் சொல்லியிருந்ததால், அந்த நோட்டையே மார்கழி மழையில் பஸ்ஸில் நின்றபடி மனப்பாடம் செய்தாள். டிக் போட்ட வார்த்தை ஒவ்வொன்றையும் பத்துப் பத்துத் தடவை எழுதிப் பார்த்தாளாம். பரீட்சைத்தாள் வந்தபோது முப்பத்தொன்று. தேற முப்பத்தைந்து வேண்டும்.

அமுதா அழவில்லை. நோட்டையும் பரீட்சைத்தாளையும் எடுத்துக்கொண்டு டீச்சர் மேஜைக்குப் போய், நோட்டில் சரியென்று இருப்பதைத்தானே எழுதியிருக்கிறேன் என்று நியாயம் கேட்டாள். டீச்சர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாப் பக்கத்துக் கீழேயும் என் கையெழுத்து. டீச்சர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் எழுந்து நின்றேன். அமுதா திரும்பி என்னைப் பார்த்தாள்.

“நீ டிக் போட்டிருந்தியேடி.”

திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் அவள் அப்பா வேட்டியில் சேறு காயாமல் வந்து, டி.சி. வாங்கிப் போக நின்றார். நான் ஓடிப்போய் தப்பு என்னுடையது என்று சொன்னேன். “நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்ச பாப்பா” என்றார் அவர். அமுதாதான் குறுக்கே வந்தாள்.

“அப்பா, நான் எதுல தப்பு பண்றேன்னு எனக்கே நேத்துத்தாம்ப்பா தெரிஞ்சுது. முழுப்பரீட்சை வரைக்கும் வுடுங்க.”

அவர் டி.சி. வாங்காமல் வெறுங்கையோடு பஸ் ஏறினார். நான் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன், இம்போசிஷன் ஒரு குயர் நோட்டு நிறைய எழுதினேன். அமுதா, ஐக்குப் புள்ளி வைக்காவிட்டால்கூட மார்க்கைக் குறைக்கிற ஒரு கஞ்சப் பிசினாறியின் பெஞ்சுக்குத் தானாகவே கேட்டு மாறிப்போனாள். அங்கே ஏழு வாங்கினாள், பிறகு ஒன்பது, பதின்மூன்று. முழுப்பரீட்சையில் தேறிவிட்டாள். என் பக்கத்தில் மட்டும் திரும்ப வந்து உட்காரவே இல்லை.

போன வைகாசியில் ஒரு கல்யாணத்தில்தான் அவளை மறுபடி பார்த்தேன். திருவாரூரில் ஓர் அலுவலகத்தில் வேலை. ஆங்கிலக் கடிதமெல்லாம் அவள் பார்த்துத்தான் வெளியே போகுமாம். பேச்சோடு பேச்சாக, என் மகள் வெளிநாட்டுக் கல்லூரிக்கு எழுதிய விண்ணப்பக் கட்டுரையை ஒரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்டேன். கம்ப்யூட்டர் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லிவிட்டது என்றும் சேர்த்துச் சொன்னேன்.

நாலாம் நாள் கூரியரில் வந்தது. பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவால் ஏழு இடத்தில் வட்டம் போட்டிருந்தாள். ‘லூஸ்’ என்பதில் ஓர் ஓ அதிகம், ஒரே மாதிரி ஒலிக்கிற இரண்டு ‘தேர்’ வார்த்தைகள் ஒன்றின் இடத்தில் ஒன்று என்று, வார்த்தை வார்த்தையாகச் சரியாகவே இருந்தும் அந்த இடத்துக்குத் தப்பான வார்த்தைகள். கம்ப்யூட்டரும் என்னைப் போலவே தப்புக்கு டிக் போட்டிருக்கிறது.

இப்போது எந்த வகுப்பிலும் பெஞ்சுக்கு ஒரு சிவப்புப் பேனா கிடையாது என்கிறாள் மகள். திருத்தினேன் என்று பெயர் எழுதுகிற வழக்கமும் இல்லை. அமுதாவின் தாளில் இருந்தது. கடைசிப் பக்கத்துக் கீழே, ஒன்பதாம் வகுப்பில் நான் போட்ட அதே இடத்தில், அவள் கையெழுத்து. கோணல் இல்லாமல்.