பெருமாள் தோப்பில் மூன்று கோடுகள்

காலை ஆறே முக்காலுக்குக் காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் வேலூர் பஸ் ஏறினோம், நானும் என் மனைவி மல்லிகாவும். சென்னை–பெங்களூர் சாலையை நான்கு வழியாக அகலப்படுத்திக்கொண்டிருந்த வருடங்களில் ஒரு ஐப்பசி. வானம் விடிய மனசில்லாமல் கிடந்தது. என் பையில் ஸ்பிரிட் ஊற்றிய சிறு குப்பிகள், தூரிகை, லென்ஸ், ஒரு டப்பா முகப்பவுடர், இட்லிப் பொட்டலம். கையில் வெள்ளைத் துணி தைத்த குடை. அதைத் தலைகீழாகப் பிடித்துக் கிளையை உலுக்கினால் சிலந்திகள் விழும். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிற எனக்கு விடுமுறை நாட்களில் இதுதான் வேலை.

மல்லிகா வந்தது மழையால். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறி, தரையில் குழி தோண்டிப் பதித்தது. அடைமழையில் குழியில் தண்ணீர் ஊறும், பட்டு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நெய்ய முடியாது. "வூட்ல குந்திக்கினு ஒழுகற எடத்துக்கெல்லாம் குண்டான் வைக்கறதுக்கு, உங்க கூடவாவது வரேங்க" என்று கிளம்பிவிட்டாள்.

கண்டக்டர் தலைக்கு மூன்றரை ரூபாய் டிக்கெட் கிழித்துக்கொண்டே என் குடையைப் பார்த்தார்.

"இன்னா சார், இவ்ளோ மழையில எங்க?"

"பாலுசெட்டி சத்திரம். அங்கேருந்து தோப்புக்கு. பூச்சி பிடிக்க."

"பூச்சி புடிக்க சம்சாரத்தையும் இட்டுக்கினு போறீங்களா? நல்லா இருக்குது சார் உங்க குடித்தனம்."

மல்லிகா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம் அதே தோப்பில், இலுப்பை மரங்களின் வேர் இடுக்கில், மிளகளவு சிலந்தி ஒன்று கிடைத்தது. பெண். கொல்கத்தாவில் சிலந்திகளுக்குப் பெயரிடும் அறிஞர் ஒருவரிடம் காட்டினேன். புதிய இனம் போலத்தான் தெரிகிறது, ஆனால் ஆண் கிடைத்தால்தான் உறுதியாகச் சொல்லிப் பெயர் வைக்க முடியும் என்றார். ஆண் சிலந்தி முதல் மழைக்குப் பிறகுதான் வெளியே நடமாடும், அதுவும் சில நாட்கள்தான். இதற்குள் தோப்பு சாலைக்குப் போகிறது என்று செய்தி வந்துவிட்டது. ஆகவே இன்று கிடைக்காவிட்டால் பிறகு இல்லை.

பாலுசெட்டி சத்திரத்தில் இரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு, திருப்புட்குழிப் பக்கமாக நடந்து, இன்னும் தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரை அடைந்தபோது மணி எட்டரை. ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. யாரையும் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. வழி நெடுகச் செம்மண் குவியல்கள், உருளைகள், மழையில் நனையும் தார்ப் பீப்பாய்கள். சின்னப் பெருமாள் கோயிலின் பின்னால் தோப்பு. போன வருடம் உள்ளே போனதும் இருட்டிக்கொண்டு வரும். இப்போது ஒரு பக்கம் முழுக்க வெளிச்சமாக இருந்தது. நின்ற மரங்களில் பட்டையைச் செதுக்கி, வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டிருந்தார்கள்.

இந்தச் சிலந்தியின் வலை வெறும் கண்ணுக்குத் தெரியாது. மெல்லப் பவுடர் ஊதினால்தான் இழை தெரியும். பையைத் திறந்தேன். டப்பா மூடி கழன்று, மழைத்தண்ணீர் புகுந்து, பவுடர் மாவாகப் பிசைந்து கிடந்தது. என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

மல்லிகா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். தறியில் அறுந்த இழைகளை முறுக்கி இணைக்கும்போது வழுக்காமல் இருக்க நெசவாளர்கள் விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். சலித்த சாம்பல், பூப்போல இருக்கும். வெளியூர் போனாலும் அது அவள் இடுப்பை விட்டுப் போகாது. வேலை முடிந்ததும் மூன்று விரலையும் தறிக்காலில் துடைப்பாள். எங்கள் தறிக்கால் பட்டை பூசிய சிவனடியார் போல நிற்பதாக நான் கேலி செய்வேன்.

ஒன்பது மணியிலிருந்து மரம் மரமாகப் பார்த்தோம். அவள் உள்ளங்கையில் சாம்பலை வைத்து ஊதுவாள். நான் குனிந்து தேடுவேன். வலைகள் இருந்தன, சிலவற்றில் பெண்களும் இருந்தன. ஆண் இல்லை. ஊதி முடித்த மரத்தில் அடையாளமாக இருக்கட்டும் என்று விரலைத் துடைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவாள். தூறலாக இருந்ததால் மரங்களில் சாரல் படாத பக்கம் நனையாமல் இருந்தது. அங்கே கோடுகள் பளிச்சென்று விழுந்தன. நாங்கள் இருவருமே அதை யோசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற கோடு கண்ணில் படுமா?

பன்னிரண்டு மணி வாக்கில், கடைசி வரிசைக்கு முந்திய இலுப்பையின் அடியில், நான் குப்புறப் படுத்திருந்தேன். சாம்பல் படிந்த வலை, நடுவில் பெண். ஓரத்தில், ஒரே இழையைப் பிடித்துக்கொண்டு, அதைவிடச் சிறிய ஒன்று காத்திருந்தது. லென்ஸை வைத்தேன். முகத்தின் முன்னால் இரண்டு சின்னக் குமிழ்கள். ஆணுக்கு மட்டுமே உள்ளவை.

"மல்லி, குப்பி" என்றேன் மூச்சுவிடாமல்.

அவள் குப்பியை என் கையில் வைத்த அதே நேரம் மரத்தின் மறுபுறத்தில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். பட்டை வழியாகச் சாம்பலும் தண்ணீருமாக இறங்கி, வேர் இடுக்கை நிரப்பி, வலையை அடித்துக்கொண்டு போனது. கையால் அணை போட்டேன், சேற்றைத் துழாவினேன். பெண் மட்டும் வேரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எழுந்து பார்த்தால் நெற்றியில் நாமம், கையில் காலிக் குடம், தோளில் ஈரத்துண்டு. தோப்புக் காவல்காரர் வரதன். போன வருடமே பழக்கம். அந்தப் பக்கம் நான் படுத்திருந்தது அவருக்குத் தெரியவில்லை.

"சார், நீங்களா?" என்றவர் மல்லிகாவைப் பார்த்தார். "யாருமா பெருமாள் மரத்துக்கெல்லாம் பட்டை போட்டது?"

"அய்யோ, அடையாளத்துக்கு வெச்சதுண்ணே. துன்னூறு இல்ல, தறிச் சாம்பல்."

"சாம்பலோ துன்னூறோ, மூணு கோடு மூணு கோடுதானம்மா. ஊர்ல பாத்தா என்னைத்தான் கேப்பாங்க."

நெற்றியில் என்ன இடுவது என்பதற்காகக் கோர்ட்டு வரை நடந்தவர்கள் உள்ள ஊர்க்காரன் நான். அவர் சொன்னதில் தப்பு இல்லை என்று தெரியும். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

"நம்பர் போட்டுட்டுப் போயிருக்காங்களே, வெட்டப் போற மரத்துக்கு. அதை ஏன் அழிக்கலை?"

வரதன் குடத்தைக் கீழே வைத்தார். "அது கவருமெண்டு போட்டது சார். அதுல கை வச்சா கேஸு. இது ஒண்ணுதான் என்னால அழிக்க முடிஞ்சது."

சிலந்தி அடித்துக்கொண்டு போன விஷயத்தைச் சொன்னேன், அவரும் எங்களோடு மண்டிபோட்டுத் தேடினார். மூன்று மணிக்கு மழை வலுத்தது. அவர் துண்டைப் பிழிந்து தலையில் போட்டுக்கொண்டு, "அடுத்த வாரம் வெட்டறாங்க சார். அதுக்குள்ள ஒரு நாள் வெறிச்சா வாங்க" என்றார். அந்த வாரம் மழை வெறிக்கவே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் மல்லிகா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சாலையின் இரண்டு பக்கமும் வயல்களில் தண்ணீர் வெளுத்துக் கிடந்தது. "என்னாலதானேங்க" என்றாள். இல்லை என்றேன். அது உண்மைதான், ஆனால் சொன்ன குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

இப்போது அந்த வழியாகப் போகிற பஸ் தோப்பு இருந்த இடத்தைக் கடக்கிறது என்று சொன்னால்தான் தெரியும். என் அலமாரியில் அந்தப் பெண் சிலந்தி ஸ்பிரிட்டில் இருக்கிறது. குப்பிக்குள் போட்ட சீட்டில் பென்சிலால் இடம் எழுதியிருக்கிறேன். பெயருக்கு விட்ட இடம் காலி.

மழை விட்டு அடித்த முதல் வெயிலில் தறி ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து இழை அறுந்தால் மல்லிகா சாம்பல் தொட்டு முறுக்குகிறாள், விரல்களைப் புடவையில் துடைத்துக்கொள்கிறாள். தறிக்காலில் புதிதாக ஒரு கோடும் விழவில்லை. பழைய கோடுகள் மங்கிக்கொண்டு வருகின்றன. தறிக்காலிலேயே துடைத்துக்கொள் என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். கேட்காதவள் போல தறி ஓடத்தைத் தள்ளினாள்.