பாட்டு நின்ற தாழி

அன்று நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடந்தது நடந்ததுதான்.

என் கணவர் வாக்தாங் மார்ச்சில் இறந்தார். மருத்துவமனையில் அவர் கட்டிலருகே உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தேன். விழித்தபோது மூச்சு நின்றிருந்தது. அதற்குப் பிறகு எனக்குச் சரியான தூக்கமும் இல்லை, சரியான விழிப்பும் இல்லை. செப்டம்பரில் மகள் லிலே நச்சரித்ததால் திபிலிசி நகரிலிருந்து என் கணவரின் நண்பர் ஷால்வாவின் திராட்சைத் தோட்டத்துக்குப் போனோம். பிள்ளைகள் முற்றத்தில் வால்நட் சரங்களைத் திராட்சைப் பாகில் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தேநீர் கேட்டேன்.

“இங்க வந்து டீயா? என் மானத்தை வாங்குறியே தங்கச்சி,” என்றார் ஷால்வா.

இரைச்சல் தாங்காமல் ஒயின் கிடங்குக்குள் போய் உட்கார்ந்தேன். மணி 4.10. தரையில் கழுத்துவரை புதைத்த, ஆள் இறங்கும் அளவு பெரிய ஒயின் தாழிகள், எல்லாம் மூடியிருந்தன. மூலையில் ஒன்று மட்டும் திறந்திருந்தது. உள்ளே யாரோ தேய்த்துக் கழுவும் சத்தம். சரக்... சரக்... கூடவே பாட்டு.

எங்கள் வழக்கம் அது. தாழிக்குள் இறங்கிக் கழுவுபவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே விஷக்காற்று தேங்கும். பாட்டு நின்றால் உடனே ஆளை இழுத்துவிட வேண்டும்.

மேலே யாரும் இல்லை.

ஏணியும் இல்லை. உள்ளே விளக்கும் எரியவில்லை.

4.22. பாட்டு பாதி அடியில் நின்றது.

“யாருங்க உள்ளே?”



இன்னொரு முறை விட்டுவிட என்னால் முடியாது. குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டேன். தோள்வரை.

குளிர்ந்த விரல்கள் பற்றின.

இழுத்தேன்...

கனத்தது...

விளிம்புவரை வந்தது. பிறகு, ஒன்றுமே இல்லை.

என் அலறல் கேட்டு ஷால்வா விளக்குடன் ஓடிவந்தார். தாழியின் வாய்வரை மண். காய்ந்து இறுகிய மண். என் கை மட்டும் தோள்வரை நனைந்திருந்தது.

1957இல் அவர் தாத்தாவின் தம்பி கிகோ அதற்குள் இறந்தாராம். மேலே காவலிருந்த தாத்தா அசதியில் தூங்கிவிட்டார். அந்த வாரமே மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள். அதற்குப் பிறகும் அந்தப் பாட்டை மட்டும் வீட்டில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

“கையைப் பிடிச்சாரா?” என்று ஷால்வா மெல்லக் கேட்டார். ஆமென்று தலையசைத்தேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பாட்டு நிக்கும்போதெல்லாம் தாத்தா இங்க ஓடி வந்து, இந்த மண்ணைத் தோண்டிக் கையை விட்டுக்கிட்டுக் கிடப்பாரு. முப்பது வருஷம். கிகோ அவரு கைய ஒருநாளும் பிடிச்சதில்ல.”