வயர் மாட்டாத ரிமோட்

பழைய வீடியோ கேமைக் குழந்தைகளுக்குப் பழக்கிவிடும் தொழிலில் குழந்தைகளால் ஒரு தொல்லையும் கிடையாது. தொல்லை எல்லாம் அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிற அப்பாக்களால்தான்.

என் பெயர் எஸ்தர். மாமல்லபுரம் பக்கம் கடலோர ரிசார்ட் ஒன்றில், நீச்சல் குளத்தை ஒட்டிய ஓர் அறையில், சனி ஞாயிறுகளில் மூன்று டியூப் டிவியும் மூன்று பழைய கேம் செட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மற்ற நாட்களில் யாராவது பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால் எல்லாவற்றையும் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு திருப்போரூர், அணுபுரம் என்று போவேன். செல்போனோடு வளர்ந்த பிள்ளைகள் முதலில் டிவி கண்ணாடியை விரலால் தள்ளிப் பார்ப்பார்கள். நகராது. ரிமோட்டைக் கையில் கொடுத்து, எந்தப் பட்டன் எதற்கு என்று ஒரு தடவை காட்டினால் போதும், கொஞ்ச நேரத்தில் சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

வேன் ஓட்டுகிறவர்கள், டியூஷன் டீச்சர்கள், நீச்சல் சொல்லித்தருகிறவர்கள், பிறந்தநாளுக்கு பலூன் கட்டுகிறவர்கள் என்று பிள்ளைகளை நம்பிப் பிழைக்கிற எல்லோருக்கும் நான் சொல்வது புரியும். மற்றவர்கள் நான் சிடுமூஞ்சி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

ஊதும் பரம்பரை

கடல் காற்று சும்மாவே உப்பைக் கொண்டுவந்து அப்புகிறது. திங்கட்கிழமைதோறும் கேசட்டுகளின் அடியில் இருக்கும் செம்புப் பின்களை எல்லாம் பஞ்சால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து வைக்கிறேன். சனிக்கிழமை காலையில் ஓர் அப்பா வருவார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் செட்டிலிருந்து கேசட்டைப் பிடுங்குவார். மகனைப் பக்கத்தில் நிறுத்தி, "இதான்டா டெக்னிக்கு" என்று சொல்லி, புல்லாங்குழல் மாதிரி வாயில் வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஊதுவார். காற்று போகிறதோ இல்லையோ எச்சில் போகும். எச்சில் பட்ட செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அதைச் சுரண்டுவது நான்.

'ஊதாதீர்கள்' என்று எழுதி ஒட்டினேன். அதைப் படித்துவிட்டுத்தான் ஊதினார் கேளம்பாக்கத்திலிருந்து வந்த ஒருவர். ஓடிக்கொண்டிருந்ததை எதற்கு சார் எடுத்து ஊதினீர்கள் என்று கேட்டேன். அவர் கேசட்டைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மேடம், நாங்கல்லாம் ஊதியே வளந்தவங்க."

ஆன் பண்ண ஆள்

அணுபுரத்தில் ஒரு வீட்டில் பிறந்தநாள். மாடி ஏறி, டிவியை இடுப்பில் தாங்கிக்கொண்டு உள்ளே போனேன். வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டு என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தார். "சார் வரலையாம்மா?" என்றார். எந்த சார் என்று கேட்டேன். "செட் பண்றவரு." நான்தான் என்றேன். நல்ல மனிதர், மறுத்துப் பேசவில்லை. சோபாவில் உட்கார்ந்துகொண்டு, நான் டிவியை இறக்கியதையும் வயரை மாட்டியதையும் படம் சரியாகத் தெரிகிறதா என்று குனிந்து பார்த்ததையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடித்துவிட்டு, சரி சார், பசங்களைக் கூப்பிடுங்க என்றேன். அவர் வாசல் பக்கம் இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் ரெடி பண்ணிட்டீங்க, சரி. ஆன் பண்றதுக்கு சார் எப்ப வருவாரு?"

9999

அந்தக் காலத்துக் கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று தங்க எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே இருப்பது ஒரு கைப்பிடி ஆட்டம்தான். அதையே திருப்பித் திருப்பி வேறு வேறு பெயரில் போட்டிருப்பான். நாங்கள் எல்லாம் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு வளர்ந்தவர்கள். திருப்போரூரில் ஒரு பிறந்தநாள் வீட்டில், பர்வீன் என்ற பெண் பிள்ளை, நாலாவது படிக்கிறவள், பட்டியலை ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனாள். கேக் வெட்டக் கூப்பிட்டார்கள், எழுந்திருக்கவில்லை. மறுபடி அதே கார், அதே பாம்பு, அதே விமானம் வந்ததும் ரிமோட்டைக் கீழே வைத்தாள். முகம் சிவந்துவிட்டது. எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. அந்த வயதில் எனக்கு வந்திருக்க வேண்டிய கோபம் அது.

"இத்தினி வருஷமா ஏமாத்திகினு கீறாங்க. யாருமே ரிவ்யூல இதுக்கு ஒரே ஒரு ஸ்டார் போடலையா ஆன்ட்டி?" என்றாள்.

ஒரே ஒரு லைஃப்

போன கோடையில், எப்போதோ ஒன்றாகக் காலேஜ் படித்த ஒரு கும்பல் ரிசார்ட்டுக்கு வந்தது. எல்லோருக்கும் தலையில் முடி குறைந்து, மனைவி பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். மூன்று டிவியையும் அப்பாக்களே பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் பின்னால் தரையில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தன. பிள்ளைகள் செல்போனையே பார்க்கின்றன என்று என்னிடம் வருத்தப்பட்டதும் இதே அப்பாக்கள்தான், அதுவும் விளையாடிக்கொண்டே. ஒரு பையன் வந்து அப்பாவின் தோளைத் தொட்டான். அவர் திரும்பாமலே அவன் கையைத் தட்டிவிட்டார்.

நான் போய், சார், இது பசங்களுக்கான ரூம் என்றேன். அவர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் சொன்னார்: "இருங்க மேடம், ஒரே ஒரு லைஃப்பு. அவனுக்கு இன்னா, வாழ்க்கை முழுக்க கீது."

சும்மா ஒண்ணு குடுங்க

இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயரும், மன்னிக்க வேண்டும்.

ஒருவர் பெரிய பையனோடும் சின்னப் பெண்ணோடும் வந்தார். பையனுக்கும் தனக்கும் ரிமோட் எடுத்துக்கொண்டார். சின்னவள் தனக்கும் கேட்டாள். அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "அவளுக்கு சும்மா ஒண்ணு குடுங்க, வயர் மாட்டாம. இன்னா தெரியப் போவுது அதுக்கு?" என்றார்.

எனக்குத் தெரியும் சார், என்ன தெரியப் போகிறதென்று. நாங்கள் படாளத்துக்காரர்கள். அப்பா சென்னையில் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது பர்மா பஜாரில் ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். கீழே வைக்கும்போது "ரெண்டு பேருக்கும்" என்று சொல்லித்தான் வைத்தார். டேனியல் அண்ணன் என்னைவிட ஆறு வயது பெரியவன். சாதாரணமாக அவனை அவர் என்றுதான் எழுத வேண்டும். கோபம் வந்தால் அவன் என்று வந்துவிடும். இதில் முழுக்க அவன்தான். அவன் எனக்கு இரண்டாவது ரிமோட்டைக் கொடுத்து, "நீ அழுத்திகினே இரு, ஓடும்" என்றான். அழுத்தினேன். திரையில் ஆள் ஓடினான். அந்த ஆள் பள்ளத்தில் விழுந்தால் நான்தான் கொன்றுவிட்டேன் என்று அழுதேன். ஜெயித்தால் தெரு முழுக்க ஓடிப்போய்ச் சொன்னேன். ஒரு பெரிய லீவு முழுக்க இப்படி.

ஒருநாள் டிவி ஸ்டாண்டுக்கு அடியில் பெருக்கும்போது துடைப்பத்தோடு என் ரிமோட்டின் வயர் முனை வந்தது. அது எதிலும் மாட்டியிருக்கவில்லை. ஏமாற்றியதைவிட, தெருவெல்லாம் போய்ப் பெருமை அடித்துக்கொண்டேனே, அந்த வெட்கம்தான் தாங்க முடியவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன்தான் இன்றுவரை கல்யாண வீடு, ஞானஸ்நான வீடு என்று போகிற இடமெல்லாம் இதை ஜோக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு ஒரு தடவைகூடச் சிரிப்பு வந்ததில்லை.

அதனால் அந்த மனிதரிடம், என் ரூமில் எந்தக் குழந்தை கையிலும் செத்த ரிமோட் இருக்காது என்று சொன்னேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். நீச்சல் குளத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சொல்லிவிட்டேன். அவர் நேரே மேனேஜரிடம் போனார். ரொம்ப நாளாகவே அந்த அறையில் மசாஜ் நாற்காலி போட வேண்டும் என்று மேனேஜருக்கு ஓர் ஆசை உண்டு. அன்று சாயங்காலம் வந்து நின்று, கோபமே இல்லாமல் சொன்னார்: "இன்னொரு கெஸ்ட்டு வந்து கம்ப்ளெய்ண்ட் பண்ணா, அப்புறம் நாற்காலிதான் மேடம். ரூமுக்கு காசு கட்றது பசங்க இல்ல, அப்பாங்க."

தகடு

ஆக, அறையும் போகக் கூடாது, செத்த ரிமோட்டும் இருக்கக் கூடாது. கத்தாமல் இதற்கு ஒரு வழி வேண்டும். மூன்று செட்டையும் திருப்போரூரில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ரிமோட் வயர் போய் மாட்டுகிற இடத்தின் மேல் ஒரு தகடு வைத்து ஸ்குரு போடச் சொன்னேன். ஸ்குருடிரைவர் இல்லாமல் இனி எந்த அப்பாவும் எந்த வயரையும் கழற்ற முடியாது. எனக்கு ஒரு வாரம் நல்ல தூக்கம் வந்தது.

பட்டறைக்காரர் மட்டும் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுக்கு எதுக்குக்கா பூட்டு? ரிமோட்டு இன்னா, ஓடியா பூடும்?"

டச்சு

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேனியல் அண்ணனே வந்தான். ஆபீஸ் நண்பர்கள், அவர்கள் குடும்பம், அண்ணி, மகள் ஜெனி. ஜெனிக்கு ஏழு வயது. என் அறைக்குள் வந்ததும் நண்பர்களுக்கு என்னை அறிமுகம் செய்தான். எப்படி அறிமுகம் செய்திருப்பான் என்று உங்களுக்கே தெரியும். "இவ ஒரு லீவு முழுக்க ஒயரே மாட்டாத ரிமோட்ட அழுத்திகினு இருந்தா" என்று ஆரம்பித்து, தெருவில் ஓடிப்போய்ச் சொன்னது வரைக்கும் நடித்தே காட்டினான். சிரித்தார்கள். மேனேஜரும் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஜெனியோடு டிவி முன்னால் உட்கார்ந்தான். தகட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்தான். சாமர்த்தியசாலி. வயரைத் தொடவே இல்லை. ஒருவர் மட்டும் ஆடுகிற ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தான். அதில் முதல் ரிமோட்டுக்குத்தான் வேலை. இரண்டாவதை மாட்டியிருந்தாலும் அது செத்ததுதான். முதலாவதைத் தான் வைத்துக்கொண்டு இரண்டாவதை மகள் கையில் கொடுத்தான். "அழுத்திகினே இரு பாப்பா, ஓடும்" என்றான்.

வாசலில் மேனேஜர் நிற்கிறார். வாயைத் திறந்தால் அறை போய்விடும். சும்மா இருந்தால் நான் எதற்காக இந்த அறையை வைத்திருக்கிறேன் என்பதே போய்விடும். கீழே கிடந்த செருப்புகளை ஒழுங்காக வைப்பது போல ஜெனி பக்கத்தில் குனிந்தேன். அவள் என் காதில் சொன்னாள்: "அத்தை, நான் கைய எடுத்துட்டேன். அந்த ஆளு பாட்டுக்கு ஓடிகினே கீறான்."

ஒரு லீவு முழுக்க எனக்குத் தோன்றாதது இது. கையை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அண்ணன் சொன்னால் அது உண்மை என்று இருந்துவிட்டேன்.

நிமிர்ந்தேன். "ரிமோட்டெல்லாம் உப்புக் காத்துல பிசுபிசுன்னு கீதுண்ணா. ரெண்டையும் குடு, தொடச்சித் தரேன்" என்றேன். கொடுத்தான். துடைத்தேன். ஆட்டத்தை முதலிலிருந்து நானே போட்டுவிட்டு, ரிமோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். முதலாவது ஜெனி கைக்குப் போனது.

ஜெனி அழுத்தினாள், ஆள் ஓடினான். கையை எடுத்தாள், ஆள் நின்றான். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தன் ரிமோட்டைத் தொடையில் இரண்டு தட்டுத் தட்டி, "இன்னா எஸ்தரு, கொஞ்சம் லேட்டா புடிக்குது?" என்றான்.

"பழைய செட்டுண்ணா. நீ அழுத்திகினே இரு, ஓடும்" என்றேன்.

அந்த வார்த்தை அவனுக்கு எதையும் ஞாபகப்படுத்தவில்லை. அழுத்தினான். ஜெனியும் அழுத்தினாள். ஆள் பள்ளத்தைத் தாண்டினான், சுவரில் ஏறினான், கடைசிக் கதவுக்குள் போய் மறைந்தான். முதல் கட்டம் முடிந்து இசை அடித்ததும் நண்பர்கள் கைதட்டினார்கள், மேனேஜரும் தட்டினார். ஜெனி அடுத்த கட்டத்துக்குத் தயாராக இரண்டு கையாலும் ரிமோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்: "பாத்தியா எஸ்தரு, நமக்கு இன்னும் டச்சு வுட்டுப் போவல."

குழந்தைகளுக்குப் பழைய ஆட்டத்தைப் பழக்கிவிடுவதுதான் என் தொழில். அதன் இரண்டாவது ரிமோட்டை அப்பாக்களுக்குப் பழக்கிவிடுவதற்கு நான் தனியாகக் காசு ஒன்றும் வாங்குவதில்லை.