சின்னம்மாவின் கேள்வியோடு ஒஸ்லோ போன கதை

கடந்த ஒக்டோபரில் பேர்கனிலிருந்து ஏறக்குறைய ஏழு மணி நேரம் ரயிலில் இருந்து ஒஸ்லோ போனேன். ஊர் பார்க்க அல்ல. ஓர் அமெரிக்க நாவலாசிரியர் பேச வருகிறார் என்று ஒஸ்லோவின் ஓரத்தில் ரொம்சோஸில் இருக்கும் சின்னம்மா அழைத்திருந்தார். சின்னம்மா ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்பவர். அந்த எழுத்தாளரும் ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை செய்தபடி படித்துப் பேராசிரியரானவர். அவருடைய நான்கு நாவல்களையும் சின்னம்மா நோர்வேஜிய மொழிபெயர்ப்பில் படித்திருக்கிறார். மூன்றாவதில், சலவைக்காரி வேலைக்கு நடுவே விழுந்து இறந்துபோகிறாள்.

"அவளை ஏன் சாகவிட்டவா எண்டு கேக்கோணும். எனக்கு இங்கிலீஷ் வராது, நீ வந்து கேள் மோனை."

எழுத்தாளருக்கு வயதாகிவிட்டது. இதுதான் தன் கடைசி வெளிநாட்டுப் பயணம் என்று சொல்லியிருந்தார்.

ரொம்சோஸிலிருந்து நகர நடுவுக்கு ரி-பானா என்ற சுரங்க ரயிலில் இருபது நிமிடம், டிக்கெட் நாற்பது குரோணருக்குச் சற்று மேல். சின்னம்மாவின் மடியில் ஒரு பெரிய பை. திறந்து பார்த்தேன், ஆட்டிறைச்சி ரோல்ஸ்.

"கூட்டத்துக்கு ஆரும் ரோல்ஸ் கொண்டு போவினமோ?"

"பின்னை? அவ்வளவு தூரத்தாலை வந்த மனிசியை வெறுங்கையோடை பாக்கிறதோ? வெக்கமெண்டால் அங்காலை போய் இரு."

மண்டப வாசலில் நின்ற இளைஞன் மிகப் பணிவாகச் சொன்னான்: சாப்பாடு உள்ளே கூடாது, வேண்டுமானால் குப்பைத்தொட்டியில் போடலாம். அந்தப் பணிவுதான் எனக்கு ஆத்திரமூட்டியது. பையை நான் வைத்திருக்கிறேன், நீங்கள் போங்கள் என்று சின்னம்மாவிடம் சொன்னேன்.

"நீ இஞ்சை நிண்டால் ஆர் கேக்கிறது? போ." பக்கக் கதவோரம் இருந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே பேராசிரியர் படுக்கை விரிப்பு துவைக்கும் கைகளைப் பற்றிப் பேசினார். ஒரு விரிப்பும் துவைத்திராதவர்கள் போலிருந்த கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கேள்வி நேரம் பதினைந்து நிமிடம். முன்வரிசைக் கனவான்கள் இருவர் கேள்வி என்ற பெயரில் தங்கள் ஆராய்ச்சியை விளக்கியே அந்த நேரத்தை முடித்தார்கள். தூக்கிய என் கை தூக்கியபடியே நின்றது. கையெழுத்து வாங்கும்போதாவது கேட்கலாம் என்று வரிசையில் நின்றேன். விமானத்துக்கு நேரமாகிவிட்டதாம், அவர் போய்விட்டார்.

வெளியே சின்னம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. "இந்தக் கதவாலைதான் வந்தவா! கார் வருமட்டும் எனக்குப் பக்கத்திலை நிண்டவா. ரோல்ஸ் ரெண்டு குடுத்தன், ஒண்டை உடனை கடிச்சவா."

"அப்ப, கேட்டனீங்களோ? அவாவோடை ஒரு நோர்வேக்காரி நிண்டிருப்பாளே, மொழிபெயர்க்க."

"நிண்டவள்தான். நீ உள்ளுக்கை கேட்டிருப்பாய், திரும்பவும் கேட்டு அந்த மனிசியை ஏன் கரைச்சல்படுத்துவான் எண்டு விட்டிட்டன். சொல்லு, என்ன சொன்னவா?"

கேட்கவில்லை என்றேன். சின்னம்மா பையின் வாயைச் சுருட்டி மூடினார்.

இப்படியான கூட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு: சிறிய பை கொண்டு போங்கள். அரை மணி நேரம் முன்பே போய் ஒலிவாங்கிக்குக் கிட்ட இருங்கள். கேள்வி யாருடையதோ அவரையே உள்ளே அனுப்புங்கள். அவர் எவ்வளவு மறுத்தாலும், பையோடு வெளியே நீங்கள் நில்லுங்கள்.