யாரும் கேட்காத நோன்பு

செம்பாக்கத்தில் ஜாக்கெட் தைக்கும் பஷீராவுக்குப் பொய் சொல்ல வராது. அளவு கொடுக்க வரும் பெண்களிடம், "உடம்பு போட்டுட்டீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். தன் உடம்பைப் பற்றி மட்டும் கடையில் வாய் திறந்ததில்லை.

மார்பில் வந்த புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. பழைய மருந்துகள் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் ஷ்யாம்சுந்தர், ஆராய்ச்சியில் இருக்கும் ஒரு புது மாத்திரையைப் பற்றிச் சொன்னார். அதுவரை பெரும்பாலும் வெளிநாட்டுப் பெண்களுக்குத்தான் கொடுத்துப் பார்த்திருந்தார்களாம். நம் பெண்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று தெரியவேண்டுமாம். நல்லவேளை, இப்போதாவது தோன்றியதே! தாம்பரத்தில் செருப்புக்கடை வைத்திருக்கும் கணவர் அயூப், "நீ இன்னா எலியா?" என்று சண்டை பிடித்தார். பஷீரா சேர்ந்துவிட்டார். வேறு வழியும் இல்லை.

மாத்திரை கேட்டது. கட்டி சுருங்கியது, இருமல் நின்றது, மறுபடி மிஷினில் உட்கார்ந்தார். வயிற்றுப்போக்குதான் தொல்லை, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ரமலான் வந்தது.

நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லை என்பது அவருக்குத் தெரியும். போன வருடம் விட்டவர்தான். ஆனால் இப்போது நன்றாக இருக்கிறாரே? நன்றாக இருக்கும் உடம்பை நோய் என்று சொல்லி நோன்பை விடுவது அல்லாஹ்விடமே பொய் சொல்வதாகப் பட்டது. காலை மாத்திரையை விடியும் முன் சஹர் சாப்பாட்டோடும், இரவு மாத்திரையை நோன்பு திறந்த பிறகும் போட்டுக்கொண்டார். பகலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் கெடத் தொடங்கியிருந்தது தெரிந்தது. டாக்டர் மாத்திரையைத்தான் சந்தேகப்பட்டார். அதை நிறுத்திவிட்டு அவரை ஆராய்ச்சியிலிருந்து விலக்க வேண்டியிருக்கும் என்றார். விலக்கினால் பஷீராவுக்கு வேறு மருந்து கிடையாது. உண்மையைச் சொன்னாலோ, சொன்ன பேச்சைக் கேட்காதவள் என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி.

டாக்டரின் அறையிலேயே இருந்த நர்ஸ் ஜான்சி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பஷீரா வாங்கி மடியிலேயே வைத்துக்கொண்டார். ஜான்சிக்கும் அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், கறியையும் மீனையும் விட்டிருந்தார். காய்ந்த உதட்டைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"நோன்பாக்கா?"

பஷீரா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். டாக்டருக்குக் கோபம் தாங்கவில்லை. முதலிலேயே சொல்வதற்கென்ன என்று கத்தினார்.

"சிகரெட் உண்டான்னு கேட்டீங்க சார், குடிப்பீங்களான்னு கேட்டீங்க. நோன்பு வைப்பீங்களான்னு யாருமே கேக்கல."

டாக்டருக்கு முகம் தொங்கிவிட்டது. அது வேண்டியதுதான்.

"நான் இன்னும் நோயாளிதானா சார்?" என்று பஷீரா கேட்டார்.

"ஆமாம்மா."

பிஸ்மில்லா சொல்லி, நட்டநடுப் பகலில் அந்தத் தண்ணீரைக் குடித்தார்.

மாத்திரையைச் சில நாள் நிறுத்தி, குளுக்கோஸ் ஏற்றினார்கள். சிறுநீரகம் தேறியது. ஆராய்ச்சியில் அவரை வைத்துக்கொண்டார்கள். இப்போது அங்கே வருகிற எல்லோரிடமும் நோன்பு, விரதம் உண்டா என்று கேட்கிறார்கள். மாடம்பாக்கத்து அம்மா ஒருவர், வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டேன் என்று பெருமையாகச் சொன்னாராம்.

ரமலான் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. கடையில் பஷீரா தண்ணீர் குடிப்பதைப் பார்த்து, அளவு கொடுக்க வந்த தபஸ்ஸும் என்ற பெண், "நோன்பு இல்லையாக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. எனக்கு கேன்சர்" என்றார் பஷீரா. "கையைத் தூக்கு, அளவெடுக்கணும்."