கோட்டக்கா

விடுதியிலிருந்து சலவைக்கு வந்த துணிகளின் சீட்டில், காலியாகக் கிடக்கும் கட்டங்களுக்குக் குறுக்கே கோடு இழுத்துக்கொண்டிருக்கிறார் அக்கா. திரைச்சீலை வரவில்லையா, ஒரு கோடு. மேசைவிரிப்பு வரவில்லையா, இன்னொரு கோடு. கடைசிக் கட்டத்தையும் அடைத்த பிறகுதான் கையெழுத்து. வண்டி ஓட்டுநர் வாசலில் நின்று அலுத்துக்கொள்வார்.

"காலிக் கட்டத்துல நான் என்ன குடியா ஏறப்போறேன், அக்கா?"

"நீ ஏற மாட்ட. சும்மா கிடந்தா எவனாவது ஏறிடுவான்."

சலவைக்கூடத்தில் அவருக்குக் கோட்டக்கா என்று பெயர். ஐம்பத்தாறு வயது. இஸ்திரி உருளைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். ஆறு வருடமாக ஒரே விரிப்பின் இரு முனைகளைப் பிடித்து நிற்கிறோம். ஆவியில் கண்ணாடி மங்கினால் துடைக்க மாட்டார். மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு அதற்கு மேலாகப் பார்ப்பார். பதினோரு மணிக்குச் சர்க்கரை மாத்திரையை எல்லோருக்கும் தெரிய வாயில் போட்டுக்கொள்வார். "ஒளிச்சு முழுங்க இது என்ன திருட்டு நகையா?"

கோடு போடும் பழக்கம் பழையதல்ல. இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய மருமகன் மருத்துவக் காப்பீட்டு ஏஜெண்டாகி, விண்ணப்பங்களோடு இங்கே வந்தார். கையெழுத்து விழ வேண்டிய இடத்தில் மட்டும் பென்சில் குறி. மற்றக் கட்டங்களெல்லாம் வெறுமை. "நம்ம மாப்பிள்ளைதான், கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்கடி" என்றார் அக்கா. முதல் கையெழுத்து அவருடையது. பின்னால் நாங்கள் பதினோரு பேர்.

போன வருடம் மடிப்பு மேசைக்காரிக்குக் கர்ப்பப்பையில் அறுவை நடந்தது. காப்பீட்டுக் கம்பெனி கையை விரித்துவிட்டது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதை அவள் ஏஜெண்டிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். விண்ணப்பத்தில் 'எந்த நோயும் இல்லை' என்று இருந்தது. அவள் தன் தையல் மெஷினை விற்றாள். அன்றிலிருந்து அக்கா மடிப்பு மேசைப் பக்கம் போகும்போது தரையைப் பார்த்தே நடப்பார். தன் விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்கினார். சர்க்கரை: இல்லை.

மருமகனைக் கூடத்துக்கே வரச் சொன்னார்.

"மாத்திரைக்கு அடங்குற சர்க்கரையெல்லாம் ஒரு நோயா அத்தை? உள்ளதை எழுதினா கம்பெனிக்காரன் வாசல்லயே திருப்பிடுவான். உங்களுக்காகத்தான் செஞ்சேன்."

"வாசல்லயே திருப்பியிருந்தா அவ வேற வழி பார்த்திருப்பா. ஆபரேஷன் கட்டில் வரைக்கும் கூட்டிட்டுப் போய்க் கைவிட்டீங்களே மாப்பிள்ளை!"

பிறகு எங்களை ஒவ்வொருத்தியாக உட்கார வைத்து, உள்ள நோயை உள்ளபடி கம்பெனிக்கு எழுத வைத்தார். இரண்டு பேருடைய பாலிசி ரத்தானது. ஒன்று அவருடையது. நகல்களையெல்லாம் துணிப்பையில் போட்டுக்கொண்டு, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அலுவலகத்துக்குப் போனார். துணைக்கு என்னை அழைத்தார். பேச ஆள் தேவைப்பட்டிருந்தால் என்னை அழைத்திருக்க மாட்டார்.

"இந்த ஏஜெண்டு உங்களுக்கு யாரும்மா?" என்றார் அங்கிருந்த எழுத்தர்.

"மகளைக் கட்டினவர்."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "யோசிச்சுட்டு வாங்களேன்."

"வீட்டுல ஒரு மாசம் யோசிச்சேன். பஸ்ஸுல வேற ஒரு மணி நேரம். எழுதுங்க."

மருமகனின் உரிமத்தை நிறுத்திவைத்து விசாரணை நடக்கிறது. நான்கு மாதமாக எட்டிப் பார்க்காத மகள் சென்ற செவ்வாய்க்கிழமை வந்தாள். கையில், புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அடித்து வைத்த கடிதம்.

"ஒரு கையெழுத்துதான்மா. எங்க பொழப்பே அதுலதான் நிக்குது."

அக்கா உருளையை நிறுத்தினார். மடிப்பு மேசையில் கைகள் ஓய்ந்தன. கடிதத்தை அடிவரை வாசித்தார், மடித்தார், நீட்டினார். மகள் வாங்கவில்லை. அவளுடைய கைப்பையைத் தானே திறந்து உள்ளே வைத்தார். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. இஸ்திரிப் பெட்டிக்குத் தடவும் மெழுகுத் துண்டை எடுத்து, அதன் பல்வரிசை முழுக்கத் தேய்த்து, இரண்டு முறை இழுத்துப் பார்த்து மூடி, பையை மகளின் தோளில் மாட்டிவிட்டார்.