முன் சில்லு சுழலவில்லை

என் மனைவி பருத்தித்துறைக் கடற்கரையில் பிறந்தவள். ஆனால் கலியாணம் செய்த நாளிலிருந்து அவளை நான் வெள்ளவத்தை மாடி வீட்டிலிருந்து கந்தோருக்குப் போய்வரும் கணக்காளராகத்தான் அறிவேன். ரயில் பாதையைக் கடந்தால் கடல். அதில் கால் நனைக்கக்கூட அவள் போனதில்லை. அப்படிப்பட்டவள் வேலையை விட்டுவிட்டு, திருகோணமலையில் இருக்கும் தன் தம்பியோடு சேர்ந்து ஒரு படகு வாங்கினாள். டொல்பின் பார்க்க வருகிறவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகும் தொழில். இரண்டு எஞ்சின் பூட்டிய, நல்ல பாரமான ஃபைபர் படகு அது. கொட்டாஞ்சேனையைத் தாண்டி, களனி ஆறு கடலில் விழும் பக்கத்தில் ஒரு துறையில் கட்டி வைத்திருந்தோம்.

ஆண்டில் பாதி கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும், பாதி மேற்குக் கடல். காற்று மாறும்போதெல்லாம் படகை ட்ரெய்லரில் ஏற்றி நாட்டின் குறுக்கே இழுத்துப்போக வேண்டும். அதற்கு ஒரு டபுள் கேப் பிக்கப் வண்டி தேடினோம். நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற வண்டிதான் வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். நனைந்த சரிவில் பின் சில்லு மட்டும் இழுத்தால் காணாது என்றாள். இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் வியந்தபடி பின்னால் திரிந்தேன்.

நுகேகொடையில் ஒரு வியாபாரியிடம் வெள்ளை நிற வண்டி ஒன்று இருந்தது. புத்தம்புதிது போல மினுங்கியது. ஃபோர் வீலுக்கு மாற்றும் சிறிய கியர் நெம்புகோலை அவர் எங்களுக்கு முன்னால் இழுத்துக் காட்டினார். டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரிந்தது. என்ன படகாக இருந்தாலும் இழுக்கும் என்று சிங்களத்தில் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். படகைக் கட்டி இழுத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வேன் என்றாள் மனைவி. அதற்கும் சம்மதித்து, துறைக்குத் தானே கூட வந்தார்.

துறையின் கொங்கிரீட் சரிவு மேலே காய்ந்து கிடந்தது. தண்ணீர் தொடும் இடத்திலிருந்து பாசி. மனைவி வண்டியைப் பின்பக்கமாக இறக்கி, ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் விட்டாள். துறை ஆட்கள் படகை அதன் மேல் ஏற்றிக் கட்டினார்கள். பிறகு அவள் மெதுவாக மேலே இழுக்கத் தொடங்கினாள். ட்ரெய்லர் பாதி வெளியே வந்திருக்கும். பின் சில்லுகள் பாசியில் வழுக்கிச் சுற்றின, ரப்பர் மணத்தது. அவள் சிறிய கியரை இழுத்தாள். விளக்கு எரிந்ததாம். நான் வெளியே, முன் சில்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். எஞ்சின் அலறுகிறது, பின் சில்லுகள் புகைகின்றன, என் முழங்காலுக்கு அருகே முன் சில்லு மட்டும் அசையாமல் நிற்கிறது. அது என்னவென்று என் மூளைக்கு ஏறுவதற்குள் வண்டி பின்னோக்கி வழுக்கத் தொடங்கிவிட்டது.

அவள் பிரேக்கை அழுத்தினாள். வண்டி நின்றது. பிறகு கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி நின்றது. பின் கதவின் கீழ் விளிம்பைத் தண்ணீர் தொட்டது. கரையில் கிடந்த கல்லொன்றைத் தூக்கி வந்து சில்லுக்குப் பின்னால் வைத்தேன். அதையும் தள்ளிக்கொண்டு வண்டி இறங்கியது. வியாபாரி இரண்டடி பின்னால் போய் நின்றார்.

கண்ணாடி இறக்கியிருந்தது. "இறங்கும், பாஞ்சு இறங்கும்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "இறங்கேலாது. ஹாண்ட் பிரேக் பின் சில்லைத்தான் பிடிக்கும், அது பாசியில நிக்குது. கால எடுத்தனெண்டா எல்லாம் போயிடும். நீங்கள் தள்ளி நில்லுங்கோ."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மனுசன் கையால் பிடித்து நிறுத்தக்கூடிய பாரமா அது. ஆனாலும் விட முடியவில்லை.

மாளிகாவத்தையில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் தன் படகைப் பார்க்க வந்திருந்தார். தன் பழைய வண்டியைச் சரிவின் தலைப்பில் கொண்டுவந்து பின்பக்கமாக நிறுத்தினார். "தங்கச்சி, பிரேக்க விடாம இரிங்க. நான் கயிறு போடுறன்" என்று மட்டும் சொன்னார். கயிறு விறைத்தது. அவருடைய வண்டியின் நாலு சில்லும் ஒன்றாகச் சுழல்வதைக் கண்டேன். எங்கள் வண்டி, ட்ரெய்லர், படகு, எல்லாம் தண்ணீர் வழிய வழிய மேலே வந்தன.

சமதரைக்கு வந்த பிறகும் அவள் இறங்கவில்லை. கதவைத் திறந்தேன். கால் பிரேக்கை அழுத்தியபடியே இருந்தது. "எடுக்க வருதில்லை" என்றாள். குனிந்து, என் இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கி எடுத்தேன். கல்லுப் போல இறுகியிருந்தது.

ஹாஜியாரும் நானும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தோம். முன் சில்லுகளைச் சுழற்ற எஞ்சின் பக்கமிருந்து வருகிற இரும்புத் தண்டு அங்கே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டைகள். யாரோ கழற்றிவிட்டிருக்கிறார்கள். கியர் விழும், விளக்கு எரியும், முன்னால் ஒன்றும் நடக்காது. டீசலை மிச்சம் பிடிக்க முதல் சொந்தக்காரர் செய்திருப்பார், தனக்குத் தெரியாது என்றார் வியாபாரி. எனக்குக் கோபம்கூட வரவில்லை. அந்த ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் படகை விற்றுவிடுவோம் என்றேன்.

"போட் என்ன செய்தது? வண்டியெல்லோ பிழை" என்றாள். பிறகு குளிக்கப் போனாள். குளியலறைத் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அதன்பின் எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் அவள் ஒரு பாய் கொண்டுபோனாள். வெளி அழகைப் பார்ப்பதற்கு முன் பாயை விரித்து அடியில் போய்விடுவாள். நாலு சில்லையும் ஜாக்கியில் தூக்கி, கியரைப் போட்டுச் சுற்றிக் காட்டச் சொல்வாள். சில கடைக்காரர்கள் சிரித்தார்கள், ஒருவர் விற்கமாட்டேன் என்றே சொல்லிவிட்டார். கடைசியில் நிறம் மங்கிய, பெட்டி போன்ற ஒரு பழைய கேப்பை எடுத்தாள். ஏசி வேலை செய்யாது. ஆனால் பாரமான உடம்பு, மெல்ல இழுக்கிற கியர், நாலு சில்லும் சுழன்றன. அதே துறையில் படகைக் கட்டி ஏற்றிப் பார்த்தாள். நான் அன்றைக்குப் போகவில்லை.

காற்று மாறி, படகைத் திருகோணமலைக்கு இழுத்துப்போனபோது அவளோடு போனேன். வழி முழுவதும், இறக்கம் வரும்போதெல்லாம், பக்கத்து இருக்கையில் என் கால், அங்கே இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தது. அங்கே கரையில் தம்பி கை காட்ட, அவள் படகைப் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் இறக்கினாள். நான் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் சத்தம் உயர்ந்தது, தாழ்ந்தது. வண்டி மேலே ஏறி எனக்குப் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். படகு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.